வரப்போகிறவனுக்காகக் கேட்டவர்

ஆராய்ச்சி மாணவனுக்கு இரண்டு வகையான எழுத்து வேலை உண்டு. செய்து முடித்ததை எழுதுவது ஒன்று. செய்யப் போவதற்குப் பணம் வேண்டுமென்று எழுதுவது மற்றொன்று. முதலாவதைக் கற்றுத் தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முன்மாதிரியாக நூலகம் நிறையக் கட்டுரைகளும் இருக்கின்றன. இரண்டாவதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தருவதில்லை. அதை நான் ஒரு தோல்வியிலிருந்துதான் கற்கத் தொடங்கினேன்.

சென்ற ஆண்டு என் ஆசிரியருடன் சேர்ந்து ஓர் ஆராய்ச்சித் திட்டத்திற்குப் பொருளுதவி கேட்டு விண்ணப்பம் எழுதினேன். நாற்பது பக்கம். கருவிகளின் பெயர், விலை, எந்த மாதத்தில் எது வந்து சேரும் என்பது வரை குறித்திருந்தேன். சில மாதம் கழித்து நான்கு வரியில் மறுப்பு வந்தது. ஊருக்குக் கடிதம் எழுதவும் மனமில்லாமல் விடுதி அறையில் முடங்கிக் கிடந்தேன். அந்த நாட்களில்தான் டாக்டர் மகேந்திரலால் சர்க்காரின் வாழ்க்கையைப் படித்தேன். படித்தபின் என் மறுப்புக் கடிதம் எனக்கே மிகச் சிறியதாகத் தோன்றியது. அவருடைய கதையை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் இவர் பெயரைக் கேட்டவர்கள் பெரும்பாலும் வேறு வழியில் கேட்டிருப்பார்கள். ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர் 1885-ஆம் ஆண்டில் தொண்டைப் புற்றுநோயால் வருந்தியபோது அவருக்கு மருத்துவம் செய்தவர் இவர். நோயாளியைப் பார்க்க வந்து, நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, மணிக்கணக்கில் உட்கார்ந்து வாதம் செய்துகொண்டிருந்த அந்த முரட்டு டாக்டரைப் பரமஹம்சரின் சரித்திரத்தில் நாம் சந்திக்கிறோம். அவர் அங்கிருந்து எழுந்து எங்கே போனார், எதற்காக இரவும் பகலும் அலைந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

மகேந்திரலால் 1833 நவம்பர் 2-ஆம் நாள், கல்கத்தாவுக்கு அருகே ஹௌரா மாவட்டத்தில் உள்ள பாய்க்பாரா என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். ஒன்பது வயதில் தாயையும் இழந்தார். கல்கத்தாவில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, ஹேர் பள்ளியில் படித்து, உதவித்தொகை பெற்று இந்துக் கல்லூரியில் சேர்ந்தார். விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்ற ஆசை அவரைப் பிடித்தது. ஆனால் அந்தக் காலத்துக் கல்லூரியில் இலக்கியமும் தத்துவமும் கிடைத்த அளவுக்கு விஞ்ஞானம் கிடைக்கவில்லை. அது கிடைத்த இடம் மருத்துவக் கல்லூரி ஒன்றே. ஆகவே அங்கே போனார். இரண்டாம் ஆண்டு மாணவராயிருக்கும்போதே ஒளியியலில் அவருக்கிருந்த அறிவைக் கண்டு வியந்த ஆசிரியர்கள், மேல் வகுப்பு மாணவர்களுக்கு அவரையே விரிவுரை நிகழ்த்தச் செய்தார்களாம். 1863-இல் எம்.டி. பட்டம் பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற இரண்டாமவர் அவர்.

பெரிய பட்டம், பெரிய நகரம், வளரும் வருமானம். வேறொருவராயிருந்தால் அதோடு நின்றிருப்பார். ஆனால் மகேந்திரலால் தாம் உண்மையென்று கண்டதை மறைத்து வாழத் தெரியாதவர். ஹோமியோபதியைக் கடுமையாக எதிர்த்து வந்த அவர், அதைப் பற்றிய நூல் ஒன்றுக்கு மதிப்புரை எழுதும் பொருட்டு அதை நேரில் ஆராயப் புகுந்தார். ஆராய்ந்து, அதன் பக்கமே சாய்ந்துவிட்டார். 1867 பிப்ரவரி 16-ஆம் நாள் மருத்துவர் சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து அதை வெளிப்படையாகச் சொன்னார். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். நோயாளிகள் வரவில்லை. பல மாதம் வருமானமின்றித் தவித்தார். ஹோமியோபதியை இன்றைய மருத்துவ விஞ்ஞானம் ஏற்பதில்லை என்பது நமக்குத் தெரியும். அவர் எடுத்த முடிவு சரியா தவறா என்பது வேறு கேள்வி. கண்டதைச் சொல்ல அஞ்சாதவர், சொன்னதற்கு விலை கொடுக்கவும் தயங்காதவர் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்வோம். பின்னால் அவர் ஊராரிடம் பணம் கேட்கப் போனபோது, ஊரார் அந்த மனிதரைத்தான் எதிரே கண்டார்கள்.

1868-இல் அவர் ஒரு மருத்துவப் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியர்கள் விஞ்ஞானத்தைப் பயில்வதற்கென ஒரு தேசிய நிலையம் வேண்டும் என்பது அதன் சாரம். கல்லூரியில் படித்து வெளியே வரும் இளைஞன் படித்ததைத் தொடர்ந்து ஆராய இந்த நாட்டில் ஓர் அறை இல்லை, ஒரு கருவி இல்லை. வழியை அடைத்து வைத்துக்கொண்டு, இந்திய மூளைக்கு விஞ்ஞானம் ஏறாது என்று தீர்ப்புச் சொல்வது எப்படி நியாயமாகும் என்று அவர் வாதாடினார்.

1870 ஜனவரி 3-ஆம் நாள், ஹிந்து பேட்ரியட் பத்திரிகையில் அந்தத் திட்டத்தின் விவரம் வெளியாயிற்று. நண்பர்களே, என்னைப் பொறுத்தவரை நம் நாட்டு ஆராய்ச்சி விண்ணப்பங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் அதுதான். லண்டனில் உள்ள ராயல் நிலையத்தின் தன்மையையும், பிரிட்டிஷ் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் நோக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்த ஒரு சங்கம் வேண்டும் என்றார். அதன் முதல் நோக்கம் புது உண்மைகளைக் காணும் ஆராய்ச்சி. தொழிலுக்கும் வாழ்க்கை வசதிக்கும் அதைப் பயன்படுத்துவது அதற்கு அடுத்தது என்று வரிசைப்படுத்தினார். பௌதிகம், ரசாயனம், வானநூல், தாவரநூல், விலங்குநூல், உடலியல், நிலவியல் எனத் துறைகளைக் குறித்தார். நிலம், கட்டடம், கருவி, நூல், ஆசிரியர் என எதற்குப் பணம் என்று சொன்னார். எவ்வளவு பணம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்: குறைந்தது ஒரு லட்சம் ரூபாய்.

இதை என் நாற்பது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. என் விண்ணப்பத்தில் கருவியின் விலை காசு வரையில் இருந்தது. ஆனால் அந்த வேலை ஏன் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் எதை இழப்போம் என்பதை இருபத்தேழாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தேன். மகேந்திரலால் அதை முதல் வரியிலேயே வைத்தார்.

இன்னொன்றையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். இந்தச் சங்கம் இந்தியரின் பணத்தில், இந்தியரின் நிர்வாகத்தில் நடக்க வேண்டும் என்பதே அது. தமிழில் சர்க்கார் என்றால் அரசாங்கம். குடும்பப் பெயரிலேயே சர்க்காரை வைத்துக்கொண்டிருந்த இந்த மனிதர், தம் சங்கம் சர்க்காரின் கைக்குள் போய்விடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். நன்கொடை தரும் அதிகாரியின் கையைக் குலுக்குவார். சங்கத்தின் சாவியை அந்தக் கையில் கொடுக்க மாட்டார்.

விண்ணப்பம் எழுதியாயிற்று. பணம் வந்ததா? உத்தரபாராவின் ஜமீன்தார் ஜயகிருஷ்ண முகர்ஜி ஆயிரம் ரூபாய் கொடுத்து முதல் நன்கொடையாளர் ஆனார். பிறகு வேகம் தளர்ந்தது. பூஜைக்கும் கல்யாணத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்த செல்வர்கள், விஞ்ஞானம் என்றதும் யோசித்தார்கள். 1872-இல் பங்கிம் சந்திரர் தம் வங்க தர்சன் பத்திரிகையில் இந்தச் சங்கத்துக்காக எழுதி வங்காளிகளைத் தட்டியெழுப்ப வேண்டியிருந்தது. மகேந்திரலால் பகலில் நோயாளிகளைப் பார்த்தார். மற்ற நேரத்தில் வீடுவீடாக ஏறி இறங்கினார். ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல. ஆறு வருஷத்துக்கு மேல்.

அதற்குள் எதிர்ப்பும் முளைத்தது. எதிர்த்தவர்கள் கெட்டவர்களல்லர். 1875-இல் தோன்றிய இந்தியன் லீக் என்ற அமைப்பைச் சேர்ந்த தேசபக்தர்கள் அவர்கள். நாடு வறுமையில் கிடக்கும்போது தூய விஞ்ஞானம் எதற்கு, கைத்தொழில் கற்றுத் தரும் பள்ளியல்லவா வேண்டும், அந்தப் பணத்தை அதற்குக் கொடுக்கலாமே என்றார்கள். இந்தக் கேள்வி நமக்குப் புதியதல்ல. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கிற எவனும் இன்றைக்கும் சந்திக்கும் கேள்வி அது. உன் ஆராய்ச்சியால் என்ன பயன் என்று ஊரில் நம் பெரியப்பாவே கேட்கிறார்!

மகேந்திரலால் கைத்தொழிலை இகழவில்லை. ஆனால் வேரில்லாமல் கிளை இல்லை என்றார். தூய விஞ்ஞானம் அறியாத நாடு, பிறர் செய்து தந்த இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். புதிய இயந்திரத்தை எண்ணிப் பார்க்காது என்பது அவர் கட்சி. அவருக்குத் துணையாகத் தூய சேவியர் கல்லூரியின் பாதிரியார் லாஃபோன் எழுந்து பேசினார். பெல்ஜியத்திலிருந்து வந்த அந்த இயேசு சபைத் துறவி, கல்கத்தா மக்களுக்குப் பௌதிகச் சோதனைகளை மேடையிலேயே செய்து காட்டிப் புகழ் பெற்றவர். அவருடைய ஆதரவும், வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னராயிருந்த ஸர் ரிச்சர்டு டெம்பிளின் நல்லெண்ணமும் தராசை இந்தப் பக்கம் சாய்த்தன.

1876 ஜூலை 29-ஆம் நாள், பௌபஜார் தெரு 210-ஆம் எண் வீட்டில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் பிறந்தது. மாலை நேரங்களில் விரிவுரைகள் நடந்தன. லாஃபோன் பாதிரியார் பேசினார், மகேந்திரலாலே பேசினார். பின்னர் ஜகதீச சந்திர போஸும், கணிதத்தில் வல்லவரான ஆசுதோஷ் முகர்ஜியும் அங்கே விரிவுரை ஆற்றினார்கள். விஜயநகரம் மகாராஜா கொடுத்த 40,000 ரூபாயில் ஓர் ஆய்வுக்கூடமும் எழுந்தது. விஜயநகரம் அன்றைக்குச் சென்னை ராஜதானியில் இருந்தது. ஆகவே தெற்கத்திக் காசு அந்தக் கட்டடத்தில் முன்பே கலந்திருந்தது என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இங்கே கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மகேந்திரலாலின் உண்மையான துயரம் இதற்குப் பிறகுதான் தொடங்கியது.

கட்டடத்துக்குப் பணம் வந்தது, கருவிக்கும் வந்தது. கட்டடத்தின் நெற்றியில் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம். கருவியின் பித்தளையிலும் பொறிக்கலாம். ஆனால் மனிதனுக்குக் கொடுத்தால் எங்கே பொறிப்பது? வேறு கவலையின்றி நாள் முழுவதும் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்கள் வேண்டும், அவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் தர நிலையான நிதி வேண்டும் என்று மகேந்திரலால் ஆண்டுக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த நிதி சேரவேயில்லை. மாலையில் விரிவுரை கேட்க மாணவர்கள் வந்தார்கள், போனார்கள். ஆராய்ச்சி அறைகள் ஆளுக்காகக் காத்துக் கிடந்தன.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் விண்ணப்பத்தில் ஒன்பது கருவிகளுக்கு இடமிருந்தது. அவற்றின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யப் போகும் இளைய மாணவன் ஒருவனுக்கு ஒரு வரிகூட இல்லை. கருவி கேட்டால் கொடுப்பார்கள், ஆள் கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று நானே முன்கூட்டி முடிவு கட்டியிருந்தேன்.

மகேந்திரலாலுக்கு வெளியுலகப் பெருமைகள் குறையவில்லை. அரசாங்கம் சி.ஐ.இ. பட்டம் கொடுத்தது. கல்கத்தாவின் ஷெரீப் ஆனார். பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. தியோகரில் தொழுநோயாளிகளுக்காக மனைவியின் பெயரால் ஒரு விடுதி கட்டினார். ஆனால் தம் வாழ்க்கையின் வேலை என்று அவர் எண்ணியது பௌபஜார் சங்கம் ஒன்றையே. அது தோற்றுவிட்டது என்று நம்பினார். இறுதிக் காலத்தில் ஆண்டுக் கூட்டத்தில் பேசும்போது அந்த மனக்கசப்பை அவர் மறைக்கவில்லை. தம் நாட்டவர் விஞ்ஞானத்தின் அருமையை உணரவில்லை என்று வருந்தினார். தமக்குப்பின் இளைஞர்கள் வந்து இதை எடுத்து நடத்தட்டும் என்று ஒப்படைத்துவிட்டு ஓய்ந்தார். 1904 பிப்ரவரி 23-ஆம் நாள், எழுபது வயதில் காலமானார்.

அந்த 1904-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு வெகு தூரத்தில், சென்னைக் கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரியில், 15 வயதுச் சிறுவன் ஒருவன் பி.ஏ. பரீட்சையில் முதல்வனாகத் தேறினான். திருச்சிக்கு அருகே திருவானைக்காவில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன்தான் அவன். மகேந்திரலாலின் பெயரை அவன் அறிந்திருக்க நியாயமில்லை. அவன் பெயரை மகேந்திரலாலும் அறிந்ததில்லை.

1907-இல் ராமன் நிதி இலாகா அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். வயது 18. டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார்: இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். ஆசுதோஷ் தே என்பவர் கதவைத் திறந்தார். அவரை எல்லோரும் ஆஷு பாபு என்பார்கள். சங்கத்தின் செயலாளராயிருந்தவர் மகேந்திரலாலின் மகன் அமிர்தலால். இப்படி ஒருவன் வரமாட்டானா என்றுதானே தந்தை காத்திருந்தார்! அமிர்தலால் ஆய்வுக்கூடத்தை ராமனுக்குத் திறந்துவிட்டார்.

அதன்பின் நடந்தது நமக்குத் தெரிந்த கதை. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும், விடியற்காலையிலும் இரவிலும் ராமன் அங்கே உழைத்தார். ஆஷு பாபு அவருக்கு வலக்கை ஆனார். 1917-இல் ராமன் அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். அது தாரக்நாத் பாலித் என்ற வழக்கறிஞர் கொடுத்த நன்கொடையில் உண்டான பதவி. ராமனை அதற்கு அழைத்தவர், முன்பு மகேந்திரலாலின் சங்கத்தில் விரிவுரை ஆற்றிய அதே ஆசுதோஷ் முகர்ஜி. மனிதனுக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று ஒரு கிழவர் ஆண்டுதோறும் கதறிய சொல் அந்த ஊரில் வீணாகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1928 பிப்ரவரி 28-ஆம் நாள், ராமன் விளைவு பௌபஜாரில் கண்டுபிடிக்கப்பட்டது. 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்துத் திரவங்களில் பாய்ச்சி, சிதறிய ஒளியில் நிறம் மாறிய பகுதியை அவர்கள் கண்டார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பல ஆண்டு இடைவிடாமல் அதே கேள்வியை நோக்கி நடந்த மனிதர்கள் இருந்தார்கள். 1930-இல் நோபல் பரிசு வந்தது. ராமனோடு அந்தச் சோதனைகளில் உழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன், நம் வத்திராயிருப்பைச் சேர்ந்தவர்.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன். 1933-இல் அந்தச் சங்கத்தில் ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது. அதன் பெயர் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் பதவி. உயிரோடிருந்தவரை கேட்டுக் கேட்டுப் பெறாததை, இறந்து 29 ஆண்டு கழித்து அவர் தம் பெயராலேயே பெற்றார். அதில் முதன்முதல் அமர்ந்தவர் வத்திராயிருப்புக் கிருஷ்ணன். 1942 வரை அங்கிருந்து படிகங்களின் காந்தத் தன்மையை ஆராய்ந்து, 1940-இல் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். பின்னர் டில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரும் ஆனார்.

நண்பர்களே, வெற்றி பெற்ற விண்ணப்பம் எது? கேட்ட தொகை வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி என்று எண்ணியிருந்தேன். அந்தக் கணக்கில் பார்த்தால், மகேந்திரலாலின் விண்ணப்பம் அவர் கண் மூடும்வரை பாதித் தோல்விதான். ஆனால் அவர் தமக்காகக் கேட்கவில்லை. யாரென்று தெரியாத, எந்த மாகாணத்தான் என்று தெரியாத, இன்னும் வராத ஒருவனுக்காகக் கேட்டார். வந்தவன் வங்காளியாக இருக்க வேண்டுமென்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. இந்தியர் என்றே எழுதினார். அந்த ஒரு சொல்லின் அகலத்தில்தான் திருவானைக்காவும் வத்திராயிருப்பும் உள்ளே வந்தன. வீட்டை விட்டு வெகு தூரம் வந்து, வேற்று மொழி பேசும் ஊரில் படிக்கிற நமக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியாதா?

போன மாதம் என் விண்ணப்பத்தை மறுபடியும் எழுதினோம். நாற்பது பக்கம் பதினெட்டாகக் குறைந்தது. ஏன் இந்த வேலை என்பது முதல் பக்கத்துக்கு வந்தது. கருவிகளில் நான்கைக் கழித்துவிட்டு, அந்தப் பணத்தில் மூன்று ஆண்டுக்கு ஓர் இளைய ஆராய்ச்சி மாணவனுக்கு உதவித்தொகை கேட்டிருக்கிறோம். அவன் யார் என்று எனக்குத் தெரியாது. நான் பட்டம் பெற்றுப் போன பிறகுதான் அவன் வருவான். அவன் எந்த ஊர், எந்த மொழி என்பதும் தெரியாது.

பதில் இன்னும் வரவில்லை. மறுப்பு வந்தாலும் இம்முறை அறையில் முடங்கிக் கிடக்க மாட்டேன். மீண்டும் எழுதுவேன். பௌபஜாரில் ஒரு டாக்டர் ஆறு வருஷம் வீடுவீடாக ஏறி இறங்கியிருக்கிறார். எனக்கு ஒரு வருஷம்தான் ஆகியிருக்கிறது.